ஒரே அரிசி, ஒரே முட்டை, வேற வேற சோறு

சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த ரெண்டு பேர் சந்திச்சா பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. "உங்க ஸ்கூல்ல சாம்பார் எப்படி?", "முட்டையை முழுசா தருவாங்களா, பாதியாவா?", "சுண்டல் என்னைக்கு?" இப்படியே அரை மணி நேரம் ஓடிடும். ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரருக்கு தர்மபுரி பக்கம் ஊரு. எனக்கு தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை. டீம்ல மத்தவங்க எல்லாம் டிபன் பாக்ஸ் பார்ட்டி. நாங்க ரெண்டு பேரும் சத்துணவுன்னு வாயைத் தொறந்தாலே "ஆரம்பிச்சுட்டாங்கய்யா"ன்னு தட்டைத் தூக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிடுவாங்க :-)

போன மாசம் அவர் கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவு. "அரிசியும் பருப்பும் அரசாங்கம் தருது. முட்டை லாரியில வருது. மெனுவும் மாநிலம் பூரா ஒண்ணுதான். அப்புறம் எப்படிய்யா ஸ்கூலுக்கு ஸ்கூல் சோறு வேற மாதிரி இருக்கு?"

நல்ல கேள்வி இல்லையா? நான் ரெண்டு வகைப் பள்ளிக்கூடத்துலயும் வரிசையில நின்னு வாங்கிச் சாப்பிட்டவன். அந்தத் தைரியத்துல பதில் சொல்லப் பாக்குறேன். நடுவுல கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்குங்க மக்களே.

*

முதல்ல எங்க ஏரியா பத்தி ரெண்டு வரி. முத்துக்குளித்துறைன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடுன்னு ஏழு ஊரைச் சேர்த்துச் சொல்லுவாங்க. அதுக்கு நடுநடுவுல சின்னச் சின்னதா நெறைய ஊர் இருக்கு, எங்க ஊர் மாதிரி. முத்து எல்லாம் இப்போ கதைதான். அரசாங்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடத்துனது 1961-ல. அதுக்கப்புறம் மீனு, உப்பு, துறைமுகம், அனல்மின் நிலையம்னு பொழப்பு ஓடுது.

இந்தக் கடற்கரை ஊர்கள்ல பெரும்பாலும் கோயிலுக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கும். பங்குச்சாமியார்தான் தாளாளர். கட்டடம் கோயிலோடது, டீச்சருக்குச் சம்பளம் அரசாங்கத்தோடது. இதுக்குப் பேர்தான் அரசு உதவி பெறும் பள்ளி. 'உதவி பெறும்'னு கேட்டதும் ஏதோ பீஸ் கட்டிப் படிக்கிற இடம்னு நெனச்சிராதீங்க. கட்டுமரக்காரர் பிள்ளையும் வலை பின்னுறவர் பிள்ளையும் படிக்கிற இடம் அது. பல ஊர்ல அதை விட்டா வேற பள்ளிக்கூடமே கிடையாது.

ஒண்ணாம் வகுப்புல இருந்து அஞ்சாம் வகுப்பு வரை நான் அப்படி ஒரு பள்ளியில படிச்சேன். ஆறுல இருந்து பத்து வரை, தேரிக்காட்டுப் பக்கம் உள்ள ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. ரெண்டுக்கும் நடுவுல ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனா சோறு? ரெண்டு வேற நாட்டுச் சோறு மாதிரி இருக்கும்.

*

முதல் வித்தியாசம் தண்ணி. எங்க ஊர்ல அடிபம்புத் தண்ணி உப்புக்கரிக்கும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணியில பருப்பு லேசுல வேகாது. கால்சியமும் மெக்னீசியமும் பருப்போட தோலை இறுக்கிப் பிடிச்சுக்கும்னு பிற்பாடு காலேஜ் கெமிஸ்ட்ரியில படிக்கும்போதுதான் "அடடா, நம்ம சாம்பார்!"னு பல்பு எரிஞ்சது. சமையல் அக்கா காலையில எட்டரைக்கே பருப்பைப் போட்டுருவாங்க. பன்னெண்டரைக்குப் பார்த்தா பருப்பு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம். லாரித் தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் சாம்பார் சாம்பாரா இருக்கும். "ஏல, இன்னைக்குத் தண்ணி வந்துருக்குல்லா!"ன்னு முதல் வாயிலயே கண்டுபிடிச்சிடுவோம்.

அரசுப் பள்ளியில தாமிரபரணித் தண்ணி பைப்புல வந்துச்சு. பருப்பு கரைஞ்சு, மஞ்சளா, கெட்டியா ஒரு சாம்பார். ஆறாம் வகுப்பு முதல் நாள் அதைச் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட "எங்க ஸ்கூல்ல கல்யாண வீட்டுச் சாம்பார் போடுறாவ"ன்னு சொன்னேன். அதே பருப்பு, அதே குடோன். மாறினது தண்ணி மட்டும்தான்.

ரெண்டாவது வித்தியாசம் தலை எண்ணிக்கை. இது கணக்கு சம்பந்தப்பட்டது, பொட்டி தட்டுற நமக்கு ஈசியா புரியும். மத்திய அரசு விதிப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். ஆறு முதல் எட்டு வரைன்னா 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய். அரிசி போக மத்த செலவுக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை. 2025 மே மாசத்துல இருந்து அது தொடக்கப்பள்ளிக்கு 6 ரூபாய் 78 பைசா, அடுத்த நிலைக்கு 10 ரூபாய் 17 பைசா. மாநிலங்கள் மேல போட்டுக்கலாம். முட்டையெல்லாம் தமிழ்நாடு சொந்தக் காசுல போடுறதுதான்.

இப்போ 40 பிள்ளை சாப்பிடுற பள்ளியை எடுத்துக்குங்க. ஒரு நாளைக்கு 271 ரூபாய் 20 பைசா. அதுல காய், எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் வரணும். காய் ரெண்டு கிலோ. ரெண்டு கிலோவுக்காக யாரும் மார்க்கெட்டுக்குப் போக முடியாது, ஊர்க்கடையில சில்லறை விலைக்குத்தான் வாங்கணும். ஆறு முதல் எட்டு வரை 300 பிள்ளை சாப்பிடுற பள்ளின்னா 3,051 ரூபாய். காய் இருபத்திரெண்டரை கிலோ. மூட்டை விலைக்குக் கிடைக்கும், கடைக்காரரே ரெண்டு கட்டு கொத்தமல்லி சும்மா போடுவாரு. விறகும் அப்படித்தான். 40 பேருக்குப் பொங்குற அடுப்புக்கும் 300 பேருக்குப் பொங்குற அடுப்புக்கும் விறகுச் செலவு ஏழு மடங்கு வித்தியாசம் வராது. ஆக, தலைக்கு இவ்வளவுன்னு ஒரே மாதிரி குடுத்தா அது சின்னப் பள்ளிக்கு நஷ்டம். கடற்கரை ஊர்த் தொடக்கப்பள்ளி எல்லாம் சின்னப் பள்ளிதான். சாம்பார்ல காயைத் தேடி நாங்க முத்துக்குளிச்ச கதை இதுதான் :-)

மூணாவது வித்தியாசம் கை. சத்துணவு மையம்னா ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர். எங்க சின்னப் பள்ளியில சமையல் அக்கா உள்ளூர்க்காரங்க. எவன் வீட்டுல அப்பன் ரெண்டு நாளா கடலுக்குப் போகலை, எவ வீட்டுல அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்தப் பிள்ளை தட்டுல மட்டும் கரண்டி கொஞ்சம் அமுங்கி விழும். காலையில சாப்பிடாம வந்தவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சு, பதினோரு மணி இண்டர்வெல்லுக்கு வடிச்ச கஞ்சியில உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடுப்பாங்க. எந்த அரசாணையிலயும் அந்தக் கஞ்சி கிடையாது.

பெரிய பள்ளியில சாம்பார் நல்லா இருந்துச்சு, ஆனா அங்க நான் ஒரு எண். வரிசை, டோக்கன், "அடுத்து, அடுத்து". கடைசி பெஞ்சு பசங்க விளையாடிட்டு லேட்டா வந்தா சாம்பார் வாளி காலி. அந்த அக்காமார்களைக் குறை சொல்லலை. முன்னூறு பிள்ளைக்கு நின்ன இடத்துல பரிமாறிப் பாருங்க, தெரியும். ருசி அங்க இருந்துச்சு, அக்கறை இங்க இருந்துச்சு. ரெண்டையும் ஒரே தட்டுல பார்க்கக் குடுத்து வைக்கலை.

*

கடற்கரைப் பள்ளிக்குன்னு இன்னொரு விசேஷம் உண்டு. சத்துணவு வரிசையோட நீளத்தைப் பார்த்தே கடல்ல பாடு உண்டா இல்லையான்னு சொல்லிடலாம். எங்க பக்கம் மீன் கிடைக்கிறதை 'பாடு'ன்னு சொல்லுவோம். நல்ல பாடு இருந்தா வீட்டுல சாளையோ காரலோ குழம்பு இருக்கும், பாதிப் பிள்ளைங்க மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டு வந்துரும். ஆனி, ஆடியில கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சா வள்ளம் எல்லாம் கரையில கவுந்து கிடக்கும். அன்னைக்கு வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நிக்கும். பேங்க்ல போய் ஊர் நிலவரம் கேக்க வேண்டாம், சத்துணவு ரிஜிஸ்டரைப் பார்த்தாப் போதும்.

பாடு நல்லா இருக்கிற நாள்ல பண்டமாற்று நடக்கும். நெத்திலி வறுவல் கொண்டு வந்தவன் முட்டைக்காரனைத் தேடுவான். எட்டு நெத்திலிக்கு அரை முட்டை, பெரிய நெத்திலின்னா ஆறு. டாலர் ரேட் மாதிரி தினமும் மாறும். வீட்டுல தினம் மீன் தின்னுறவனுக்கு முட்டை அதிசயம், மீன் இல்லாதவனுக்கு நெத்திலி அதிசயம்.

முட்டைன்னதும் ஞாபகம் வருது. சத்துணவு முட்டையோட வரலாறும் என் பள்ளிக்கூட வாழ்க்கையும் சேர்ந்தே நடந்த மாதிரி. 1989-ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சு, 1998-ல வாரம் ஒண்ணு ஆச்சு. நான் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த 2003-ல அந்த வாரம் ஒண்ணுதான். நாலாம் வகுப்பு படிக்கும்போது, 2006-ல, ரெண்டு. அடுத்த வருஷம் மூணு, முட்டை சாப்பிடாதவங்களுக்கு வாழைப்பழம். எட்டாம் வகுப்புல, 2010-ல, வாரம் அஞ்சு. வேலைக்கு வந்தப்புறம் கூட எனக்கு இப்படி வரிசையா இன்கிரிமென்ட் வந்ததில்லை, அவ்வ்வ்.

அதே கெட்ட நேரம், கலவை சாதம் வரும்போது நான் வெளியேறிட்டேன். 2013 மார்ச்ல மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியத்துல சோதனையா ஆரம்பிச்சாங்க, நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிட்டு இருந்தேன். மாநிலம் முழுக்க வந்தப்போ நான் பன்னெண்டாவது. சத்துணவு பத்தாம் வகுப்போட சரி. வெஜிடபிள் பிரியாணி, மிளகு முட்டை, கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், புளிசாதம், எலுமிச்சை சாதம், கறிவேப்பிலை சாதம், வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல். பதிமூணு வகைச் சாதமாம், முட்டையே நாலு விதமாம். பத்து வருஷம் ஒரே சோறு சாம்பார் தின்னவன் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

*

இது வரைக்கும் சொன்னது எல்லாம் ருசி வித்தியாசம். சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். இனிமே சொல்லப்போறது அப்படி இல்லை.

கொஞ்சம் வரலாறு. 1920-ல சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவரா இருந்தப்போ, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவு போடத் தீர்மானம் போட்டுச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. அப்புறம் 1956-ல காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சது எங்க மாவட்டத்து எட்டயபுரத்துல (அப்போ அது திருநெல்வேலி ஜில்லா). அந்தக் காலத்துல அரசாங்கம் ஒரு பங்கு போட, ஊர்க்காரங்க ஒரு பங்கு போட்டு நடத்துனாங்க. 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமா பெருசாக்குனாரு. 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், நாடு பூரா அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி எல்லாத்துலயும் சமைச்ச சோறு போடணும்னு உத்தரவு போட்டுச்சு. கவனிங்க: அரசு, *மற்றும்* உதவி பெறும். மதியச் சோத்துல இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு கிடையாது. நான் சாப்பிட்டதே அதனாலதான்.

காலை உணவு வந்தப்போ அந்தக் கோடு விழுந்துச்சு.

2022 செப்டம்பர் 15-ல முதல்வரா இருந்த மு.க.ஸ்டாலின் மதுரையில காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சாரு. முதல்ல 1,545 பள்ளி. 2023 ஆகஸ்ட் 25-ல திருக்குவளையில வச்சு, மாநிலத்துல உள்ள எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் விரிவாக்குனாங்க. ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு வரை. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட சாம்பார். கிராமத்துல சமைக்கிறவங்க மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், அதே பள்ளியில பிள்ளை படிக்கிற தாய்மார். அருமையான ஏற்பாடு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசுற எவனும் முதல்ல பேச வேண்டியது காலைப் பசியைத்தான்.

ஆனா 'அரசுப் பள்ளி'ன்னா அரசுப் பள்ளி மட்டும்தான். எங்க ஊர்ல ஒண்ணும் வரலை.

அந்த வருஷம் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனேன். எங்க அக்கா விடியக்காலையில ஏலக்கூடத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையில வச்சு உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு போய் விக்கிறவ. பிள்ளை தானா எந்திரிச்சு, தானா சடை பின்னிக்கிட்டு, டீயில ரொட்டியை முக்கித் தின்னுட்டு பள்ளிக்கூடம் போவா. நான் ஒண்ணாப்புப் படிச்ச அதே பள்ளிதான். பக்கத்து ஊர்ல ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அங்க படிக்கிற தோழி "இன்னைக்கு எங்க ஸ்கூல்ல கேசரி"ன்னு சொல்லியிருக்கா. அக்கா என்கிட்ட கேட்டா, "ஏ தம்பி, நீதான் கம்ப்யூட்டர் எல்லாம் படிச்சிருக்கியே. அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும், எம் பிள்ளைக்குப் பசிக்காதுன்னு அதுல போட்டிருக்கா?"

தொழில் பழக்கத்துல "படிப்படியா வரும்க்கா"ன்னு சொன்னேன். நாங்க சாஃப்ட்வேர்ல பண்றதும் அதானே. பேஸ் ஒன், பேஸ் டூ. முதல்ல கொஞ்சம் பேருக்குக் குடுத்துப் பார்த்து, அப்புறம் எல்லாருக்கும். வந்துச்சும் கூட. 2024 ஜூலை 15-ல கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்துச்சு. அக்கா பிள்ளை மூணாம் வகுப்புல கிச்சடி சாப்பிட ஆரம்பிச்சா.

நகர்ப்புற உதவி பெறும் பள்ளிக்கு? 2025 ஆகஸ்ட் 26.

இப்போ தூத்துக்குடி டவுனுக்கு வாங்க. எங்க சித்தி மக உப்பளத்துல வேலை பாக்குறா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி உப்பு வாரணும்னு ராத்திரி மூணு மணிக்கே கிளம்பிருவா. திரும்பி வர்றதுக்குள்ள பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிருக்கும். அவ மகன் படிச்சது மாநகராட்சி எல்லைக்குள்ள ஒரு உதவி பெறும் பள்ளி. 2023-ல திட்டம் விரிவானப்போ அவன் நாலாம் வகுப்பு. அப்போ அவன் பள்ளி பட்டியல்ல இல்லை. 2024-ல கிராமத்துக்கு வந்துச்சு, அவன் அஞ்சாம் வகுப்பு. அவன் பள்ளி கிராமத்துல இல்லை. 2025 ஜூன்ல அவன் ஆறாம் வகுப்பு. ஆகஸ்ட்ல அவன் படிச்ச பள்ளிக்கு காலை உணவு வந்துச்சு. அஞ்சாம் வகுப்போட சரிங்கிற திட்டத்துல ஆறாம் வகுப்புக்காரனுக்கு இடம் இல்லை.

ரெண்டு வருஷம், தினமும், ரெண்டு தெரு தள்ளி சமைச்சாங்க. ஒரு நாள் கூட அவனுக்குக் கிடைக்கலை. ஏழையாங்கிறதோ, நல்லாப் படிக்கிறானாங்கிறதோ ஒரு விஷயமே இல்லை. பள்ளிக்கூட வாசல்ல எந்த போர்டு தொங்குதுங்கிறது மட்டும்தான் கணக்கு. எங்க ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போனா கஸ்டமர் நாலு மெயில் போடுவான், மேனேஜர் மேல எஸ்கலேஷன் போகும். ஒன்பது வயசுப் பிள்ளை யாருக்கு மெயில் போடும்? அது பாட்டுக்கு டீயைக் குடிச்சிட்டுப் போகும். படிப்படியா குடுக்கிறதுல காத்திருக்கிற பிள்ளைக்கு வயசு நிக்காது, அதுதான் எனக்கு உறுத்துது.

*

எட்டயபுரம்னு மேல சொன்னேன் இல்லையா, அங்க திரும்பி வரணும். எங்க மாவட்டத்தோட வடக்குப் பக்கம், கரிசல் பூமி. காமராஜர் சோறு போட ஆரம்பிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே உசிலம்பட்டின்னு ஒரு ஊரு (மதுரைப் பக்கம் உள்ள உசிலம்பட்டி இல்லை). 2023 செப்டம்பர்ல, அங்க உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில, காலை உணவு சமைக்கிற பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்ங்கிறதால பிள்ளைங்களைச் சாப்பிட விடலைன்னு செய்தி வந்துச்சு. கனிமொழி எம்.பி.யும், அப்போ அமைச்சரா இருந்த கீதா ஜீவனும், கலெக்டரும் நேர்ல போய் பிள்ளைங்களோட தரையில உக்காந்து சாப்பிட்டாங்க.

எங்க ஊர்ல சோறு வரலை. அங்க சோறு வந்துச்சு, தட்டு வரலை. 1956-ல இருந்து 2023 வரை 67 வருஷம். சோத்துல மாறாத வித்தியாசம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு இதுக்கு மேல நான் விளக்கணுமா?

அரசுப் பள்ளிக்கு நான் மாறினப்போவும் இதோட சின்ன வடிவத்தைப் பார்த்தேன். எங்க ஊர்ப் பள்ளியில வீட்டுக்கு ஓடாதவன் எல்லாரும் சத்துணவு. அதுல ஒரு பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. பெரிய பள்ளியில டிபன் பாக்ஸ் பசங்க கிளாஸ்க்குள்ள, நாங்க வராந்தாவுல. "அவன் சத்துணவு"ன்னு ஒரு அடையாளம். சாம்பார் எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த வார்த்தையில கொஞ்சம் உப்புக்கரிக்கும்.

ஜப்பான்ல 1954-ல இருந்தே பள்ளி உணவுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு. அங்க தொடக்கப்பள்ளியில பிள்ளைங்களே கிளாஸ்ல பரிமாறி, எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுறாங்க, டீச்சரும் கூட உக்காந்து அதையேதான் சாப்பிடுறாங்க. நமக்கு அந்த அளவு பணம் வேண்டாம், அந்த ஒரு பழக்கம் போதும். சத்துணவு டேஸ்ட் பார்க்கிற டீச்சரைப் பார்த்திருக்கேன். தட்டு நிறைய வாங்கி பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட ஒரே ஒரு டீச்சரைத்தான் பார்த்திருக்கேன். அவர் சாப்பிட்ட வருஷம் சாம்பார் தன்னால திருந்துச்சு.

இன்னொரு ஆசையும் உண்டு. பிரேசில்ல 2009-ல ஒரு சட்டம் போட்டாங்க. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தர்ற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்துக்கு சிறு விவசாயிகள்கிட்ட நேரடியா வாங்கணும்னு. அதைப் படிச்சதும் எனக்கு எங்க கடற்கரைதான் ஞாபகம் வந்துச்சு. வாசல்ல கடல். ஆனா பள்ளிக்கூடத் தட்டுல மீன் வந்ததே இல்லை. முள்ளு பயம் நியாயம்தான், கோடையில கெட்டுப்போற பயமும் நியாயம்தான். ஆனா நெத்திலிக் கருவாடு முள்ளோட மென்னு திங்கிறது, கால்சியம் மொத்தமும் அதுலதான். வாரம் ஒரு நாள், விருப்பப்பட்ட பிள்ளைக்கு மட்டும், ஊர்ப் பொம்பளைங்க கிட்டயே வாங்கிப் போட்டா அந்தக் காசும் அதே பிள்ளை வீட்டுக்குத்தானே போகும்? சாதத்துல பதிமூணு வகை யோசிச்ச மாநிலத்துக்கு இது ஒரு பெரிய விஷயமா?

*

தர்மபுரிக்காரர் கேள்விக்கு வருவோம். ஒரே அரிசி, ஒரே முட்டை, ஏன் வேற வேற சோறு? தண்ணி வேற, தலை எண்ணிக்கை வேற, கரண்டி பிடிக்கிற கை வேற. இது மூணும் ருசியை மாத்தும். இதைச் சரி பண்ண வழி இருக்கு: சின்னப் பள்ளிக்குத் தலைக்கணக்கு போக ஒரு அடிப்படைத் தொகை, சமையலுக்கு நல்ல தண்ணி, ஒரு கேஸ் அடுப்பு. நாலாவது வித்தியாசம் வாசல்ல தொங்குற போர்டும், மனசுக்குள்ள தொங்குற போர்டும். முதல் போர்டை 2025-ல ஒரு வழியா கழட்டிட்டாங்க. ரெண்டாவதைக் கழட்ட அரசாணை பத்தாது.

சித்தி மக பையன் இப்போ மதியம் கலவை சாதம் சாப்பிடுறான். "மிளகு முட்டை சூப்பர் மாமா"ங்கிறான். காலையில இன்னும் டீதான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது லீவு நாள் இல்லாம ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ பார்த்துப் போங்க. பன்னெண்டரை மணிக்கு நீங்க படிச்ச பள்ளிக்கூடம் வரை ஒரு நடை. ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு தட்டு வாங்கி, பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டுப் பாருங்க. சாம்பார் எப்படி இருந்துச்சு, எத்தனை பேர் வரிசையில நின்னாங்க, யாரு வராந்தாவுல உக்காந்தாங்கன்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. எட்டு நெத்திலிக்கு அரை முட்டை மாதிரி உங்க ஊர் ரேட்டு ஏதாவது இருந்தா அதையும் :-)